மாமனாரின் முதுகு

அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரி ஒரே ஒரு உரிமை கொடுத்திருந்தது. சிவப்புப் புள்ளி வைக்கலாம். படத்தில் ஏதோ சரியில்லை என்று மனசுக்குப் பட்டால் மூலையில் ஒரு சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பலாம். என்ன சரியில்லை, எங்கே சரியில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. அதைச் சொல்வதற்கென்றே படித்தவர் வேறு ஒருவர் இருந்தார். அந்தப் பெரிய டாக்டர் மறுநாள் காலையில்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுவும் கிடையாது. அதுவரை நோயாளியின் எலும்பு அந்தப் புள்ளியை நம்பிக் கிடக்க வேண்டியதுதான். தெருவில் ஒரு வீடு தீப்பிடித்ததைப் பார்த்தவன் கையைத் தட்டலாம், எந்த வீடு என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்பது போன்ற ஏற்பாடு. ஆனாலும் அது நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. காரணம், எக்ஸ்ரே அக்கா.

எக்ஸ்ரே அக்காவின் கண் அப்படிப்பட்ட கண். மணிக்கட்டு வலி என்று டாக்டர் எழுதி அனுப்பினால் அவள் மணிக்கட்டைக் கடைசியில்தான் பார்ப்பாள். படத்தின் ஓரத்தில் தொடங்கி, விரல் நுனியிலிருந்து ஒவ்வொரு எலும்பின் விளிம்பாக, தையல் பிரிந்திருக்கிறதா என்று துணியைத் தடவிப் பார்க்கிற தையல்காரி மாதிரி வருவாள். சில முழங்கைப் படங்களில் எலும்பு முழுசாக இருக்கும். ஆனால் பக்கத்தில் கறுப்பாய் ஒரு நிழல் கப்பல் பாய் விரித்தது போல் தூக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே ரத்தம் கட்டி, அங்கே இருக்கிற கொழுப்பைத் தள்ளிவிட்டிருக்கிறது என்று அர்த்தம். எலும்பு எங்கோ கீறியிருக்கிறது, படத்தில்தான் அகப்படவில்லை. மற்றவர்கள் எலும்பைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பார்கள். அக்கா நிழலைப் பார்த்துப் புள்ளி வைப்பாள். பத்து நாள் கழித்து மறுபடி படம் எடுத்தால் கீறல் அங்கேதான் இருக்கும்.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் புதிதாகச் சேரும் டாக்டர்களுக்கும் அவள் சொல்வது இரண்டே வாக்கியம். "ஒண்ணு கெடச்சதுன்னு நிறுத்தாதீங்க, எலும்பு தனியா உடையாது, கூட்டு சேர்த்துக்கிட்டுதான் உடையும்" என்பது முதலாவது. "மேலேருந்து விழுந்து குதிகால் உடைஞ்சவன் வந்தா, அவன் கேக்காட்டியும் முதுகப் பாருங்க" என்பது இரண்டாவது. குதிகாலில் விழுந்த அடி அங்கேயே நிற்காது, முதுகெலும்பு வழியாக மேலே ஏறும் என்று தன் முதுகிலேயே விரலை ஓட்டிக் காட்டுவாள்.

அவசரப் பிரிவின் சின்ன டாக்டர் இந்த இரண்டையும் கேட்டுத் தலையாட்டியவர்தான். ஆனால் நாளாக நாளாக அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மூலையைப் பார்க்கப் பழகிவிட்டார். "புள்ளி இல்லையாக்கா? அப்ப சுளுக்குதான்" என்பார்.

"ஏன் டாக்டர், அஞ்சு வருஷம் படிச்சது மூலையப் பாக்கவா?" என்று அக்கா கடிந்துகொள்வாள். கடிந்துகொண்டாலும் உள்ளுக்குள் குளிரும். திறமை இருக்கிற இடத்தில் அடக்கமும் இருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அக்காவிடம் அடக்கம் கொஞ்சம் மட்டாகத்தான் இருந்தது. பஸ்ஸில் எதிரே நிற்பவரின் தோள் சாய்ந்திருந்தால், இது பிறவியா விழுந்ததா என்று யோசிக்காமல் அவளால் இறங்க முடியாது. சினிமாவில் கதாநாயகன் கையில் கட்டுப் போட்டு வந்தால், கட்டு தப்பு என்று இருட்டிலேயே பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்லுவாள்.

ஊரெல்லாம் மெச்சினாலும் முற்றத்து முல்லைக்கு மணமில்லை. வீட்டில் மாமனார் ஒருவர் இருந்தாரே!

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். பெட்டிக்குள் காலை வைத்ததுமே டிக்கெட் இல்லாதவன் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாராம். அந்தப் பெருமையை அவர் ஓய்வுக்குப் பிறகும் கழற்றி வைக்கவில்லை. ஒரே வீட்டில் கண்பார்வைக்குப் பேர்போனவர்கள் இரண்டு பேர் இருந்தால் என்ன ஆகும்? அவர் மருமகளின் வேலையைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்கிற விதமே தனி. "மருமக போட்டோ எடுக்குற வேலைல இருக்கா. எல்லாரும் சிரிங்கன்னு சொல்லி எடுப்பாங்க, இவ மூச்ச அடக்குங்கன்னு சொல்லி எடுப்பா. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவள் ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால், அன்றைக்கு ஒரு குழந்தையின் விலா எலும்பில் கண்டுபிடித்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். "அதை டாக்டர் சொல்லட்டும்மா, நீ தண்ணிய இப்படித் தள்ளு" என்றார். அவள் கணவர் அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அவர் வாழ்க்கையே அந்தத் தட்டுக்குள் குனிந்தபடி கழிந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். அவ்வளவு நல்ல மனுஷன்.

மாமனாரிடம் ஒரே ஒரு குறை. இடுப்பு வலி. கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்கு வந்த முதல் காலையில் கேட்ட முதல் சத்தமே "அம்மாடி, இடுப்பு" என்பதுதான். உட்காரும்போது ஒன்று, எழும்போது ஒன்று, படி ஏறும்போது இரண்டு. மாமியார் இருந்தவரை அதற்குக் கைவசம் ஒரு பதில் வைத்திருந்தார். "உங்களுக்கு இடுப்புல வலி இல்ல, வேலைலதான் வலி. கேஸ் சிலிண்டரைத் தூக்கச் சொன்னா வரும், காலாற நடக்கப் போனா போயிடும். ஒண்ணுமில்ல, எந்திரிங்க." மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு அந்த "ஒண்ணுமில்ல"வை மருமகள் எடுத்துக்கொண்டாள். தைலம் தேய்த்துவிடுவாள், தேய்த்துக்கொண்டே சொல்வாள். "ஒண்ணுமில்ல மாமா." மின்விசிறியை நிறுத்துவது போல, கதவைத் தாழ்ப்பாள் போடுவது போல, கை தன் போக்கில் செய்கிற காரியம் அது.

அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மாமனார் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் நிரம்பிவிட்டதா என்று பார்க்க ஏணியில் ஏறினார். நிரம்பினால் தானாக நிற்கிற மிதவை ஒன்றை மகன் வாங்கி மாட்டியிருந்தார். ஆனால் வாழ்நாளெல்லாம் ஆட்களையே நம்பாதவர் மிதவையை நம்புவாரா? ஏறினார். ஏணி வழுக்கியது. தளத்தில் பொத்தென்று வந்து இறங்கினார்.

"விழல. குதிச்சேன்." சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்ரே அறைக்குள் தள்ளிக்கொண்டு வரும்போதே அவர் மருமகளிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். "ஏணி சாயுதுன்னு தெரிஞ்சதும் நானே குதிச்சேன். விழுறதுக்கும் குதிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு."

பின்னால் கணவர் வெளிறிப்போய் நின்றார்.  அக்கா வேலையில் இறங்கினாள். வார்டு ஊழியரும் அவளுமாக அவரை மேசைமேல் ஏற்றினார்கள். இடது கால் கணுக்காலுக்குக் கீழே பன் போல வீங்கியிருந்தது.

"சிரிக்கணுமா?" என்றார் மாமனார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அசையாம இருந்தாப் போதும் மாமா."

"கால் கெடக்கட்டும்மா. இடுப்புதான் உயிர் போகுது. குடையுது."

"அது எப்பவும் இருக்கறதுதானே மாமா. ஒண்ணுமில்ல. பாதத்தைக் கொஞ்சம் சாய்ங்க."

சொன்னது யார்? எக்ஸ்ரே அக்கா சொல்லவில்லை. எக்ஸ்ரே அக்காவிடம் ஒருவர் மேலேயிருந்து குதித்தேன், இடுப்பு குடைகிறது என்று சொல்லியிருந்தால் அவள் அந்த ஆளை அசையவே விட்டிருக்க மாட்டாள். சொன்னது மருமகள். மருமகளின் காது அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு மரத்துப் போயிருந்தது. அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

படம் வந்தது. கணுக்கால் எலும்புகள் முழுசாக இருந்தன. சின்ன டாக்டர் கேட்டது கணுக்காலைத்தான். ஆனால் அக்கா வழக்கம் போல ஓரத்திலிருந்து வந்தாள். குதிகால் எலும்பின் மேல் விளிம்பு நடுவில் லேசாக முதுகு தூக்கியிருக்க வேண்டும், இதில் தட்டையாகக் கிடந்தது. கோடு எதுவும் தெரியவில்லை, பிளவு எதுவும் தெரியவில்லை. மேலேயிருந்து வந்த பாரத்தில் எலும்பு உள்ளுக்குள் நொறுங்கி அமுங்கியிருந்தது. அவள் படத்தை அச்செடுத்து மூலையில் புள்ளி வைத்தாள். 'சிரிக்கணுமான்னா கேட்டீங்க?' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

சின்ன டாக்டர் முதலில் மூலையைப் பார்த்தார். பிறகு படத்தைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எங்கேக்கா?"

அக்கா கூரையைப் பார்த்தாள். வாயைத் திறக்கத்தான் தடை, காலைத் தூக்கத் தடை இல்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலின் குதியைச் சொறிந்துகொண்டாள்.

"அட ஆமா!" என்றார் சின்ன டாக்டர். அளவுகோலை வைத்துக் கோணம் பார்த்தார். பிறகு, வெள்ளை மனசுக்காரர் பாவம், அதை நேரே கொண்டுபோய் நோயாளியிடமே சொல்லிவிட்டார். "தாத்தா, குதிகால் எலும்பு உடைஞ்சிருக்கு. இவங்க மட்டும் புள்ளி வைக்கலன்னா சுளுக்குன்னு சொல்லி நான் உங்கள நடக்கவிட்டிருப்பேன். நடந்திருந்தா காலே கோணலாயிருக்கும். இந்த ஆஸ்பத்திரிக்கே இவங்க கண்ணுதான்."

மாமனார் டாக்டரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். டிக்கெட் இல்லை என்று நினைத்தவன் முதல் வகுப்பு டிக்கெட்டை எடுத்து நீட்டினால் எப்படிப் பார்த்திருப்பாரோ, அப்படி.

"நெசமாவா? நீங்க பாக்கறதுக்கு முன்னாடியே அவ பாத்துட்டாளா?"

"எப்பவும் அப்படித்தான்."

மாவுக்கட்டு போடுகிற நேரம் முழுக்க அவர் வாய் ஓயவில்லை. அடுத்த கட்டிலில் கை கட்டோடு கிடந்தவரிடம், ஊசி போட வந்த நர்சிடம், தரை துடைக்க வந்தவரிடம், எல்லோரிடமும் ஒரே பேச்சு. "அந்த எக்ஸ்ரே அறைல இருக்காளே, எம் மருமகதான். டாக்டருக்கே தெரியல. அவ ஒரு பார்வை பாத்தா, முடிஞ்சுது. உண்டுன்னா உண்டு. இல்லன்னா இல்ல."

அக்கா இதைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். கையில் அடுத்த நோயாளியின் சீட்டு இருந்தது, அதைப் படித்தாள், எழுத்து ஓடவில்லை. அந்த வீட்டில் அவள் சமைத்ததை நன்றாக இருக்கிறது என்றிருக்கிறார், பிள்ளைகளை நன்றாக வளர்த்தாய் என்றிருக்கிறார். அவள் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இதுதான் முதல்.  கணவர் வந்து பக்கத்தில் நின்று, "கேட்டியா?" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. போகட்டும், ஒரு டீ குடிக்கிற நேரமாவது அந்தச் சந்தோஷத்தை அவள் அனுபவித்தாள். அதற்கு மேல் அவளுக்கு விதிக்கவில்லை.

கட்டுப் போட்டு முடிந்து, ஊன்றுகோல் வந்து, மாமனார் கட்டிலில் எழுந்து உட்கார முயன்றபோது அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. முகம் சுருங்கியது. சின்ன டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். அவர் எக்ஸ்ரே படத்தைத்தான் சரியாகப் பார்க்க மாட்டாரே தவிர, ஆளை நன்றாகப் பார்ப்பார்.

"எழுந்திரிக்காதீங்க. அப்படியே படுங்க. முதுகு வலிக்குதா?"

"இடுப்பு. அது பழைய சொத்து."

டாக்டர் மெல்ல அவர் முதுகுக்கு அடியில் கையை நுழைத்து ஒவ்வொரு எலும்பாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் மாமனார் "ஆ" என்று கத்தினார்.

"முதுகுக்கு ஒரு படம் எடுக்கணும். அதுவரைக்கும் அசையக் கூடாது."

"தேவையில்ல தம்பி. மருமக பாத்துட்டா. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா."

சின்ன டாக்டர் வெளியே வந்து அக்காவிடம் கேட்டார். குரலில் சந்தேகம் துளியும் இல்லை, மரியாதைதான் இருந்தது. "முதுகுப் படம் எப்பக்கா எடுத்தீங்க? எனக்கு வரவே இல்லையே. மேலேருந்து குதிச்சிருக்காரு, குதிகால் உடைஞ்சிருக்கு. நீங்கதானே சொல்லுவீங்க, கேக்காட்டியும் முதுகப் பாருன்னு."

 ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், தன் வீட்டு ஆள் வாயால் கேட்டும் பார்க்கவில்லை. அவர் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்ததும், தானும் வார்டு ஊழியரும் அக்குளில் கைகொடுத்து அவரை மேசைமேல் தூக்கிப்போட்டதும் கண்முன் வந்தன. உள்ளே எலும்பு உடைந்து முனை பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால்? இன்னும் ஒரு முறை அவர் உதறி எழுந்தால் அது தண்டுவடத்தில் குத்தலாம். குத்தினால் கால் இரண்டும் போயிற்று. குதிகால் எதற்கு, மாவுக்கட்டு எதற்கு?

"எடுக்கல டாக்டர். இப்ப எடுக்கறேன்."

உள்ளே போனாள். மாமனார் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாம்மா. இந்தத் தம்பிகிட்டச் சொல்லு" என்றார்.

அவள் முதலில் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே காரியத்தை முடிக்கப் பார்த்தாள். "சும்மா ஒரு படம் எடுத்துடலாம் மாமா. நடைமுறை அப்படி. பேப்பர்ல இருக்கணும்ல."

"உனக்கே தெரிஞ்சதுக்கு எதுக்கு படம்? டிக்கெட் இருக்குன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியறவன்கிட்ட நான் டிக்கெட் கேட்டதே இல்ல. நீயும் அந்த ரகம். எனக்கு இன்னைக்குதான் புரிஞ்சுது." ஊன்றுகோலைத் தேடிக் கையை நீட்டினார். "கெளம்பலாம். டேய், கையக் குடு."

மகன் கையை நீட்டிவிட்டார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கணவரை அவள் கைநீட்டி அடித்தது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

"அசையாதீங்க மாமா! நான் சரியாப் பாக்கல. தப்பா சொல்லிட்டேன்."

மாமனார் சிரித்தார். "யாரும்மா உன்ன மெரட்டுனது? டாக்டரா? அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கோபமாருக்கும். நீ பயப்படாதே. நீ ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல. எனக்கு உம்மேல நம்பிக்கை இருக்கு."

இதற்குத்தான் அவள் இத்தனை வருஷம் ஏங்கினாள். ஒரு தடவையாவது தான் சொல்வதை அவர் நம்ப மாட்டாரா என்று தலையணையில் முகத்தை வைத்து அழுதிருக்கிறாள். இப்போது நம்புகிறார். நம்பிக்கை வைத்துவிட்டதால், தான் தப்பு என்று அவளே சொல்வதை மட்டும் நம்ப மறுக்கிறார். வாராது வந்த மாமணியைத் தூக்கிக் குப்பையில் போடு என்று யாரோ பக்கத்தில் நின்று சொல்வது போலிருந்தது அவளுக்கு. கொஞ்சம் மழுப்பினால் பாதியாவது மிஞ்சும் என்று ஒரு சபலமும் வந்தது. ஆனால் அவர் முழங்கையை ஊன்றி உடம்பை மறுபடி கிளப்பிக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்து, இரண்டு தோளையும் பிடித்துப் படுக்கையோடு அழுத்திக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"நான் பாக்கவே இல்ல மாமா. நீங்க இடுப்பு வலின்னு சொன்னப்ப எனக்குக் காதுல விழவே இல்ல. ஏன்னா நான் நம்பல. இன்னைக்கு மட்டும் இல்ல, என்னைக்குமே நம்பல. நீங்க சும்மா சொல்றீங்கன்னுதான் நெனச்சேன். அத்தை சொன்னாங்க, நானும் அதையே நெனச்சேன். ஒண்ணுமில்லன்னு நான் சொன்னது பாத்துட்டு சொன்னதில்ல. வாயில வந்தது."

 கை கட்டோடு கிடந்த அடுத்த கட்டில்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கட்டிலுக்கு அவ்வளவு நாகரிகம் இருந்தது.

மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பாமத்தான் தைலம் தேச்சுவிட்டியா?"

"ஆமா மாமா."

"தெனமும்?"

"ஆமா."

அவர் உடம்பின் இறுக்கம் தளர்ந்தது. தலையைத் தலையணையில் சாய்த்தார். மலர்ந்திருந்த முகம் பழையபடி டிக்கெட் பரிசோதகர் முகமாயிற்று.

"சரி. எடு உன் போட்டோவ" என்றார்.

நாலு பேர் சேர்ந்து, கட்டை உருட்டுவது போல உடம்பு முறுக்காமல் உருட்டி, பலகையில் வைத்து மேசைக்கு மாற்றினார்கள். படத்துக்காக அவரைப் பக்கவாட்டில் திருப்பவில்லை. மல்லாக்கப் படுத்தபடியே இருக்க, அக்கா எந்திரத்தைப் பக்கவாட்டில் கொண்டுவந்து வைத்தாள். மூச்சை அடக்கச் சொன்னாள். அவர் அடக்கினார். வேடிக்கைப் பேச்சு எதுவும் வரவில்லை. அது அவளுக்கு அறைந்தது போல் இருந்தது.

படம் திரையில் வந்தது. சின்ன டாக்டர் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். மூலையில் புள்ளி எதுவும் இன்னும் இல்லாததால் அவர் நேரே படத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று.

நெஞ்சுப் பக்கத்து முதுகெலும்பும் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பும் சேருகிற இடத்தில், சதுரமாக இருக்க வேண்டிய எலும்பு ஒன்று முன்பக்கம் அமுங்கி ஆப்பு போலக் கிடந்தது. விளிம்பு கூர்மையாக ஒடிந்திருந்தது. புதுசு, இன்றைக்கு ஆனது. பின்பக்கச் சுவர் நேராக நின்றது, துருத்தவில்லை. அவள் அந்தச் சுவரை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தாள். நேராகத்தான் நின்றது. ஸ்கேன் எடுத்து உறுதிசெய்ய வேண்டும், ஆனாலும் கால் பிழைத்தது என்று மனசு சொன்னது. அவள் விட்ட மூச்சு திரையில் பனியாகப் படிந்தது.

"கெடச்சிருச்சு" என்றார் சின்ன டாக்டர்.

அக்கா நிறுத்தவில்லை. கண் தன் வழக்கப்படி இறங்கிக்கொண்டே போனது. இரண்டு எலும்பு தள்ளி நின்றது.

அங்கேயும் ஒரு ஆப்பு இருந்தது. இது கூர்மையாக இல்லை. விளிம்பெல்லாம் மழுங்கி வழுவழுப்பாகி, இரண்டு பக்கமும் எலும்பு உதடு போல வளர்ந்து, பக்கத்து எலும்பைத் தொடுகிற அளவுக்கு வந்திருந்தது. அப்படி ஆறுவதற்கு எத்தனை வருஷம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கல்யாணத்துக்கு முன்பே நடந்துபோன காரியம். அந்த வீட்டில் அவள் கேட்ட முதல் "அம்மாடி, இடுப்பு" இந்த எலும்பிலிருந்து வந்தது. அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா?" மேசையிலிருந்து மாமனார் கேட்டார். "ஒண்ணுமில்லதானே?"

அவள் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். "இருக்கு மாமா. ரெண்டு எடத்துல இருக்கு."

"ரெண்டா?"

"ஒண்ணு இன்னைக்கு ஆனது. படுத்தே இருந்தா சரியாயிடும், கால் ரெண்டும் நல்லாருக்கும். இன்னொண்ணு ரொம்பப் பழசு. நான் வர்றதுக்கும் முந்தி உடைஞ்சு, தானா ஆறியிருக்கு. எப்பவாவது விழுந்தீங்களா மாமா?"

"விழல" என்றார் உடனே. பிறகு யோசித்தார். "வேலைல இருந்தப்ப ஒருத்தன் டிக்கெட் இல்லாம எறங்கி ஓடினான். பின்னாடியே குதிச்சேன். வண்டி இன்னும் நிக்கல. அன்னைலருந்துதான் வலி. சொன்னேன். மெத்தை சரியில்லன்னாங்க, தூக்கம் சரியில்லன்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஆளப் புடிச்சிட்டேன்" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

"அப்ப நெசமாவே இருக்கு?"

"நெசமாவே இருக்கு மாமா. படத்துல பளிச்சுன்னு தெரியுது."

முதுகெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது என்று கேட்டவர் முகம் அப்படி ஒளிர்ந்ததை அந்த அறை அதற்கு முன் பார்த்ததில்லை. பரீட்சையில் தேறிவிட்டதாகத் தந்தி வந்தவர் போல ஆனார். "டேய்!" என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தார். "டேய், இங்க வா. ரெண்டு எடத்துல உடைஞ்சிருக்காம்டா! ஒண்ணு பழசாம்!" மகன் ஓடிவந்தார். விஷயம் புரியாமல் அழ ஆரம்பித்தார். "அழாதேடா, கேளு, பழசாம்! டாக்டர் தம்பி, அந்தப் பழசையும் எழுதிக்குங்க. மறந்துடாதீங்க." சின்ன டாக்டர் எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.

பிறகு அவர் அடங்கினார். தலைக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த எந்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"உங்கத்தை கடைசி வரைக்கும் நான் வேலைக்குப் பயந்து நடிக்கிறேன்னுதான் நெனச்சா" என்றார். "படுத்த படுக்கையா கெடந்தப்பகூட, நான் போயிட்டா யார்கிட்ட இடுப்பு வலின்னு ஏமாத்துவீங்கன்னு கேட்டா."

மருமகள் அவர் போர்வையை இழுத்துவிட்டாள்.

"இந்த மிஷின் எவ்வளவு நாளாம்மா இங்க இருக்கு?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே இருக்கு மாமா."

"ம்." கோபமில்லை, குத்தலும் இல்லை. "அவ இருக்கறப்பவே ஒருநாள் கூட்டிட்டு வந்திருக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோக நாலு பேர் வந்தார்கள். பலகையின் இரண்டு பக்கமும் பிடித்தார்கள். எக்ஸ்ரே அக்கா தலைப்பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டாள். ஒருவன் எண்ணிச் சொல்ல, எல்லோரும் ஒன்றாகத் தூக்கினார்கள்.